மெத்தடோன்: போதையா? மருந்தா?

போதைப்பொருளுக்கு ஆளானவர்களைப் பற்றிப் பேச நம்மிடையே இரண்டே சொற்கள்தாம் புழக்கத்தில் உள்ளன. ஒன்று, ‘அவன் போதைப்பித்தன்’ என்பது. மற்றொன்று, ‘அவன் திருந்திவிட்டான்’ என்பது. இவ்விரண்டிற்கும் நடுவே ஒரு மனிதன் இருக்க முடியும் என்று நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. ஆனால், நம் நாட்டில் ஆயிரக்கணக்கானோர் அந்த நடுவிடத்தில்தான் வாழ்கின்றனர். காலையில் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கிற்குச் செல்கின்றனர். மருந்தக முகப்பில் ஒரு சிறிய கோப்பையில் அளந்து கொடுக்கப்படும் மருந்தை அங்கேயே நின்று குடிக்கின்றனர். பிறகு தொழிற்சாலைக்கோ கடைக்கோ கட்டுமானத் தளத்திற்கோ வேலைக்குப் போகின்றனர். அந்த மருந்தின் பெயர் மெத்தடோன்.

நான் மருந்தியல் துறையில் இறுதியாண்டு பயிலும் மாணவி. பயிற்சிக்காக ஒரு சுகாதாரக் கிளினிக்கின் மருந்தகத்தில் நான்கு வாரங்கள் இருந்தேன். அங்குதான் இந்த மருந்தையும் இதைக் குடிக்க வருபவர்களையும் அருகிலிருந்து பார்த்தேன். ‘ஒரு போதையை விட்டு இன்னொரு போதைக்கு மாறுவது சிகிச்சையா?’ என்ற கேள்வி நம்மில் பலருக்கு உண்டு. நியாயமான கேள்விதான். அதற்கு நேர்மையான விடை தர முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஹெரோயின் உடலில் என்ன செய்கிறது?

மருந்தைப் புரிந்துகொள்ள முதலில் நோயைப் புரிந்துகொள்ள வேண்டும். நம் மூளை, வலியைத் தணிக்கும் சில பொருள்களைத் தானே சுரக்கிறது. அவை என்டோர்ஃபின் எனப்படும். அவை வந்து அமர்வதற்கென மூளை அணுக்களில் ஏற்பிகள் உள்ளன. பூட்டும் சாவியும் போல என்று வைத்துக்கொள்ளலாம். கசகசாச் செடியின் பாலிலிருந்து கிடைக்கும் அபினும், அபினிலிருந்து பிரித்தெடுக்கப்படும் மார்ஃபினும், மார்ஃபினிலிருந்து செய்யப்படும் ஹெரோயினும் அதே பூட்டுகளைத் திறக்கும் கள்ளச்சாவிகள். இவற்றையும் இவை போன்று செயல்படும் செயற்கை மருந்துகளையும் ஓப்பியாய்டு என்ற ஒரே பெயரால் அழைக்கிறோம்.

ஹெரோயினின் ஆபத்து அதன் வேகத்தில் இருக்கிறது. ஊசி வழியாக ஏற்றினால் சில நொடிகளில் மூளையை அடைந்துவிடும். அந்தத் திடீர் எழுச்சியைத்தான் மூளை மறக்க மறுக்கிறது. ஆனால், நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் அதன் ஆட்டம் அடங்கிவிடும். நாளடைவில் மூளை தன் சொந்தச் சுரப்பை நம்பியிருப்பதை விட்டுவிட்டு, வெளியிலிருந்து வருவதற்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. அதன் பிறகு ஹெரோயின் கிடைக்காவிட்டால் மூக்கும் கண்ணும் ஒழுகும், உடல் புல்லரிக்கும், எலும்புக்குள் வலிக்கும், வயிற்றுப்போக்கும் வாந்தியும் வரும், தூக்கம் இருக்காது. இந்த நிலையை நம் நாட்டில் மலாய்ச் சொல்லால் ‘கியான்’ என்கிறார்கள். தமிழர்கள் வாயிலும் அதே சொல்தான்.

இந்தக் கட்டத்திற்கு வந்தவர் இன்பத்திற்காக ஹெரோயின் எடுப்பதில்லை. கியான் வராமலிருக்க எடுக்கிறார். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை. ஒவ்வொரு முறைக்கும் பணம் வேண்டும். காலையில் எழுந்ததும் தொடங்கும் அந்த ஓட்டத்தில் வேலை போகிறது, வீட்டுப் பொருள் போகிறது, சொந்தபந்தம் போகிறது. ஊசியைப் பகிர்ந்தால் எச்.ஐ.வி.யும் ஹெப்படைட்டிஸ் சி கிருமியும் கூடவே வருகின்றன.

‘அடைத்துவைத்தால் சரியாகிவிடும்’ என்பது நாம் அடிக்கடி கேட்கும் யோசனை. அடைத்துவைத்தால் கியான் ஒன்றிரண்டு வாரங்களில் அடங்கிவிடும் என்பது உண்மையே. ஆனால், உடல் ஹெரோயினை வெளியேற்றிவிட்டது என்பதற்காக மூளை பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது என்று பொருளாகாது. ஏக்கமும் தூக்கமின்மையும் பல மாதங்களுக்கு நீடிக்கும். வெளியே வந்ததும் பழைய சந்து, பழைய நண்பர்கள், பழைய ஏக்கம். அப்போது அவர் முன்பு எடுத்த அதே அளவை எடுத்தால், தாங்கும் சக்தி குறைந்துவிட்ட உடல் அதைத் தாங்காது. மூச்சு அடங்கி உயிர் போகும். சிறையிலிருந்தும் மறுவாழ்வு மையங்களிலிருந்தும் வெளிவந்த முதல் சில வாரங்களே ஓர் ஓப்பியாய்டு பயனீட்டாளரின் வாழ்வில் மிக ஆபத்தான நாள்கள்.

மெத்தடோன் பிறந்த கதை

மெத்தடோன் போதைச் சிகிச்சைக்காகக் கண்டுபிடிக்கப்பட்ட மருந்தன்று. 1930-களின் பிற்பகுதியில் ஜெர்மனியின் ஹெக்ஸ்ட் ஆய்வுக்கூடத்தில் மக்ஸ் போக்மூல், குஸ்தாவ் எர்ஹார்ட் என்ற இரு வேதியியலாளர்கள் இதை வலி நிவாரணியாக உருவாக்கினர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இது அமெரிக்காவிற்குச் சென்றது. அங்கு ‘டோலோஃபின்’ என்ற வணிகப் பெயரில் விற்கப்பட்டது. அடோல்ஃப் ஹிட்லரின் பெயரால் அப்படி அழைக்கப்பட்டது என்று ஒரு கதை இன்றும் உலவுகிறது. அதில் உண்மையில்லை. வலியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து அப்பெயர் வந்ததாகவே கருதப்படுகிறது.

இதன் இரண்டாம் பிறவி 1964-இல் நியூயார்க்கில் நிகழ்ந்தது. ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தில் வின்சென்ட் டோல் என்ற மருத்துவரும் மேரி நைஸ்வாண்டர் என்ற மனநல மருத்துவரும் ஹெரோயினுக்கு அடிமையானவர்களுக்கு மார்ஃபின் கொடுத்துப் பார்த்தனர். பயனில்லை, அவர்கள் அடுத்த ஊசி எப்போது என்றே காத்திருந்தனர். மெத்தடோனுக்கு மாற்றியபோதோ நிலைமை மாறியது. அவர்களின் பேச்சு போதையிலிருந்து படிப்பு, வேலை, குடும்பம் ஆகியவற்றின் பக்கம் திரும்பியது. 22 நோயாளிகளைக் கொண்ட அந்த அனுபவத்தை அவர்கள் 1965-இல் மருத்துவ இதழில் வெளியிட்டனர். போதைப்பழக்கத்தை ஒழுக்கக் கேடாக மட்டுமே பார்த்த காலத்தில், அது உடலில் ஏற்பட்ட ஒரு கோளாறு என்றும், நீண்டகாலம் மருந்து கொடுத்துக் கட்டுப்படுத்தலாம் என்றும் அவர்கள் சொன்னார்கள். நாற்பது ஆண்டுகள் கழித்து, 2005-இல், உலகச் சுகாதார நிறுவனம் மெத்தடோனை இச்சிகிச்சைக்கான அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

மருந்து வேலை செய்யும் விதம்

மெத்தடோனும் ஓர் ஓப்பியாய்டுதான். ஹெரோயின் திறக்கும் அதே பூட்டைத்தான் இதுவும் திறக்கிறது. பிறகு வேறுபாடு எங்கே? வேகத்திலும் நேரத்திலும் இருக்கிறது.

வாய்வழி குடிக்கும் மெத்தடோன் மெல்ல இரத்தத்தில் கலக்கிறது. உச்சத்தை அடையவே இரண்டு முதல் நான்கு மணி நேரம் ஆகும். எனவே, அந்தத் திடீர் எழுச்சி இல்லை. உடலிலிருந்து வெளியேறுவதும் மிக மெதுவாகத்தான். ஒருநாள் குடித்த மருந்தில் பாதியளவு அழியவே பெரும்பாலோருக்கு ஏறக்குறைய ஒரு நாளோ அதற்கு மேலோ பிடிக்கும். ஆகவே, ஒரு நாளைக்கு ஒருமுறை குடித்தால் போதும். இரவு முழுவதும் கியான் வராது. ஹெரோயின் எடுப்பவரின் நாளை ஒரு வரைபடமாக வரைந்தால் அது மலையும் பள்ளமுமாக இருக்கும். மெத்தடோன் எடுப்பவரின் வரைபடம் ஏறக்குறைய ஒரு சமதளச் சாலை.

இன்னொன்றும் உண்டு. போதிய அளவு மெத்தடோன் ஏற்பிகளில் அமர்ந்திருந்தால், அதற்கு மேல் ஹெரோயின் ஏற்றினாலும் எதிர்பார்த்த போதை வருவதில்லை. காசு செலவழித்தும் பயனில்லை என்ற நிலையில் ஹெரோயினின் பிடி தளர்கிறது.

நம் நாட்டுக் கிளினிக்குகளில் மெத்தடோன் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 5 மில்லிகிராம் கொண்ட திரவமாகக் கொடுக்கப்படுகிறது. முதல் நாளிலேயே அதிகம் கொடுப்பதில்லை. வழக்கமாக 30 மில்லிகிராமுக்கு மேல் போகாது. பிறகு சில நாள்களுக்கொரு முறை, நோயாளியைப் பார்த்துப் பார்த்து உயர்த்துவர். பெரும்பாலோருக்கு 60 முதல் 120 மில்லிகிராம் வரை தேவைப்படுகிறது. 80 மில்லிகிராம் என்றால் 16 மில்லிலிட்டர். மூன்று தேக்கரண்டிக்குச் சற்று அதிகம். ‘குறைவாகக் கொடுத்தால் நல்லதுதானே’ என்று தோன்றலாம். நடைமுறையில், அளவு போதாதவர்கள்தாம் மாலையில் கியான் வந்து மீண்டும் ஹெரோயினைத் தேடிப் போகிறார்கள்.

முகப்பில் நிற்கும் மருந்தாளர் முதலில் முகத்தையும் நடையையும் பார்ப்பார். தள்ளாடுகிறாரா, கண் சொருகுகிறதா, மது வாடை வீசுகிறதா? அப்படியிருந்தால் அன்றைக்கு மருந்து நிறுத்தி வைக்கப்படும். எல்லாம் சரியென்றால் அடையாளத்தைச் சரிபார்த்து, மருந்தைக் கொடுத்து, குடித்தபின் நீர் அருந்தச் செய்து, இரண்டு வார்த்தை பேசவும் வைப்பார். வாயில் ஒதுக்கி வெளியே கொண்டுபோய் விற்றுவிடக்கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. சிறுநீர்ப் பரிசோதனையில் தொடர்ந்து தேறி, தவறாமல் வருபவர்களுக்குச் சில நாள்களுக்கான மருந்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவர்.

ஒரு தாயின் கேள்வி

பயிற்சியின் மூன்றாம் வாரத்தில் ஒரு தாய் வந்தார். மகன் ஈராண்டுகளாக மெத்தடோன் குடித்து வருகிறார்; டயர் கடையில் வேலை. அந்த அண்ணனே தம் தாயை அழைத்து வந்திருந்தார். தாய்க்கு மலாய் ஓரளவுதான் தெரியும். பணியிலிருந்த அதிகாரி மொழிபெயர்க்க என்னை அழைத்தார்.

“ஏம்மா, ஒரு போதைய நிறுத்திட்டு இன்னொரு போதைய குடுக்கிறீங்களா? இது எப்பதான் முடியும்? இவனுக்குப் பொண்ணு பார்த்துக்கிட்டு இருக்கோம். கல்யாணத்துக்குள்ள நிறுத்திடச் சொல்லுங்க,” என்றார் அவர்.

மலாயில் இதற்கு இரண்டு தனிச் சொற்களைப் பாடமாகவே படித்திருக்கிறோம். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் படித்த எனக்கு, தமிழில் அவ்விடத்தில் யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. “அம்மா, உடம்பு ஒரு மருந்துக்குப் பழகிப் போறது வேற, மனுசன் ஒன்னுக்கு அடிமையாகிறது வேற,” என்றேன். மெத்தடோனுக்கு அவர் மகனின் உடல் பழகியிருப்பது உண்மை. நாளையே நிறுத்தினால் கியான் வரும். அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால், அடிமைத்தனம் என்பது பாதிப்பு தெரிந்திருந்தும் நிறுத்த முடியாமல், மற்ற எல்லாவற்றையும் அதற்காக இழப்பது. இப்போது உங்கள் மகன் எதை இழக்கிறார் என்று கேட்டேன்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, முன்பு வீட்டில் கேஸ் தோம்புகூட மிஞ்சாது என்றார். தன் சங்கிலி போனதைச் சொன்னார். இப்போது மாதம் பிறந்தால் வீட்டுச் செலவுக்குப் பணம் கொடுக்கிறான், இரவில் வீட்டில் படுக்கிறான் என்றார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

நிறுத்த முடியாதா என்றால், முடியும். நிலைபெற்ற நோயாளி விரும்பினால், மருத்துவரின் கண்காணிப்பில் பல மாதங்களாகச் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்தலாம். சிலர் அப்படி நிறுத்தியும் இருக்கிறார்கள். ஆனால், நிறுத்தியவர்களில் பலர் மீண்டும் ஹெரோயினுக்குத் திரும்புகின்றனர் என்பதையும் ஆய்வுகள் காட்டுகின்றன. 2017-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு, பல நாடுகளின் தரவுகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்தது. மெத்தடோன் சிகிச்சைக்கு வெளியே இருந்த காலத்தில் ஆண்டுக்கு ஆயிரம் பேரில் ஏறக்குறைய 36 பேர் இறந்தனர். சிகிச்சையில் இருந்த காலத்தில் அது ஏறக்குறைய 11. சிகிச்சையை விட்ட முதல் நான்கு வாரங்களில் மரண ஆபத்து மிக அதிகம் என்பதும் அதில் தெரியவந்தது. ஆகவே, கல்யாணத் தேதியையோ மாமியார் வீட்டாரின் பார்வையையோ வைத்து மருந்தை நிறுத்தச் சொல்வது, தெரியாமலேயே ஒருவரை அந்த நான்கு வாரங்களுக்குள் தள்ளிவிடுவதாகும்.

நீரிழிவு இல்லாத இந்திய வீடு நம் நாட்டில் குறைவு. நம் அப்பாவிடம் ‘இன்சுலினை எப்போது நிறுத்துவீர்கள்?’ என்று யாரும் தினமும் கேட்பதில்லை. ‘சர்க்கரை அளவு எப்படி இருக்கிறது?’ என்றுதான் கேட்கிறோம். இரண்டும் முற்றிலும் ஒன்றல்ல. இன்சுலினைச் சந்தில் விற்க முடியாது. மெத்தடோனுக்கு அந்த ஆபத்து உண்டு. என்றாலும், நாள்பட்ட நோயை அளக்க வேண்டியது எத்தனை நாள் மருந்து குடித்தார் என்பதைக் கொண்டன்று, எப்படி வாழ்கிறார் என்பதைக் கொண்டுதான் என்ற ஒரு பாடத்தை நீரிழிவு நமக்கு ஏற்கெனவே கற்றுக் கொடுத்திருக்கிறது.

போகும்போது அந்தத் தாய், “இதெல்லாம் தமிழ்ல எழுதி வச்சா என்னம்மா?” என்றார். இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த ஒரு வரிதான்.

மலேசியா நடந்து வந்த பாதை

நம் நாடு இச்சிகிச்சையை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. 1983-இல் போதைப்பொருள் நாட்டின் பாதுகாப்பிற்கு மிரட்டல் என அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட போதைப்பித்தர்கள் சிகிச்சை மற்றும் மறுவாழ்வுச் சட்டத்தின்கீழ், பிடிபட்டவர்கள் ‘பூசாட் செரெந்தி’ எனப்பட்ட மையங்களுக்கு ஈராண்டுகள் வரை அனுப்பப்பட்டனர். அங்கு உடற்பயிற்சி, கட்டொழுங்கு, தொழிற்பயிற்சி, சமய வகுப்பு எல்லாம் இருந்தன. ஹெரோயின் ஏக்கத்தைத் தணிக்கும் மருந்து மட்டும் இல்லை.

இதற்கிடையில் இன்னொரு நோய் நுழைந்தது. மலேசியாவில் முதல் எச்.ஐ.வி. தொற்று 1986-இல் பதிவானது. 2002-ஆம் ஆண்டில் மட்டும் 6,978 புதிய தொற்றுகள் பதிவாயின. அவர்களில் பெரும்பாலோர் ஊசியைப் பகிர்ந்துகொண்டவர்கள். சட்டமும் அடைப்பும் மட்டும் போதவில்லை என்பதை அந்த எண்ணிக்கை உணர்த்தியது. அமலாக்கத் தரப்பிலும் சமயத் தரப்பிலும் தயக்கங்கள் இருந்தபோதிலும், 2005 அக்டோபரில் சுகாதார அமைச்சு 1,200-க்கும் மேற்பட்ட நோயாளிகளுடன் மெத்தடோன் சிகிச்சையை முன்னோடித் திட்டமாகத் தொடங்கியது. 2006-இல் ஊசி பரிமாற்றத் திட்டமும் தொடங்கப்பட்டது. 2008-இல் கிளந்தானின் பெங்காலான் செப்பா சிறையில் கைதிகளுக்கும் மெத்தடோன் கொடுக்கத் தொடங்கினர்.

2010-ஆம் ஆண்டு இரண்டு காரணங்களால் குறிப்பிடத்தக்கது. முதலாவது, தேசிய போதைப்பொருள் தடுப்பு நிறுவனம் கட்டாய மையங்களில் சிலவற்றைத் தாமாக வந்து சிகிச்சை பெறும் மையங்களாக மாற்றத் தொடங்கியது. இரண்டாவது, மலாயாப் பல்கலைக்கழகத்தை ஒட்டியுள்ள அர்-ரஹ்மான் பள்ளிவாசலில், பல்கலைக்கழகத்தின் உதவியோடு மெத்தடோன் வழங்கும் திட்டம் தொடங்கியது. வழிபாட்டுத் தலத்தின் வளாகத்திலேயே ஒருவர் மருந்தும் பெற முடிந்தது, ஆலோசனையும் பெற முடிந்தது, தொழுகையிலும் கலந்துகொள்ள முடிந்தது. ‘இவன் மருந்து குடிப்பவன்’ என்று அவரை யாரும் வாசலிலேயே நிறுத்தவில்லை.

இரண்டு வழிகளையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு கிள்ளான் பள்ளத்தாக்கில் நடத்தப்பட்டது. கட்டாய மையங்களிலிருந்து வெளிவந்த 89 பேரையும், மெத்தடோன் கொடுக்கப்படும் தன்விருப்ப மையங்களிலிருந்து வெளிவந்த 95 பேரையும் ஆய்வாளர்கள் பின்தொடர்ந்தனர். அதன் முடிவுகள் 2017-இல் லான்செட் உலகச் சுகாதார இதழில் வெளிவந்தன. முதல் குழுவில் பாதிப்பேர் 31 நாள்களுக்குள் மீண்டும் ஓப்பியாய்டு எடுத்துவிட்டனர். இரண்டாம் குழுவில் அந்த நிலையை எட்ட 352 நாள்கள் ஆயின. தாமாக வந்தவர்களின் மன உறுதி கூடுதலாக இருந்திருக்கலாம் என்பதை நாம் கணக்கில் கொள்ளத்தான் வேண்டும். அப்படியும், ஒரு மாதத்திற்கும் ஏறத்தாழ ஓராண்டிற்கும் உள்ள இடைவெளியை மன உறுதி ஒன்றைக் கொண்டு மட்டும் விளக்கிவிட முடியாது.

இன்று நம் நாட்டில் ஆண்டுதோறும் பதிவாகும் புதிய எச்.ஐ.வி. தொற்றுகள் 2002-இல் இருந்ததில் பாதிக்கும் குறைவு. அவற்றில் ஊசி வழித் தொற்று மிகச் சிறிய பங்கே. மெத்தடோன் தனியாக இதைச் செய்துவிடவில்லை. ஊசி பரிமாற்றமும் எச்.ஐ.வி. மருந்துகளும் சேர்ந்து செய்தவை. ஆனால், மெத்தடோன் இல்லாமல் இது நடந்திருக்காது என்பதே துறை சார்ந்தோரின் பொதுவான கருத்து.

மருந்திற்கும் எல்லை உண்டு

மெத்தடோனைப் புகழ்வது மட்டுமே என் நோக்கமன்று. இது கவனமாகக் கையாள வேண்டிய மருந்து. மெதுவாக வெளியேறும் என்பது இதன் சிறப்பு. அதுவே இதன் ஆபத்தும்கூட. முதல் இரண்டு வாரங்களில் நேற்றைய மருந்து தீரும் முன்பே இன்றைய மருந்து சேர்கிறது. ‘இது போதவில்லை’ என்று வெளியிலும் வாங்கிச் சேர்த்துக்கொண்டால் தூக்கத்திலேயே மூச்சு நின்றுவிடலாம். மதுவும் தூக்க மாத்திரையும் மெத்தடோனுடன் சேரக் கூடாதவை. சிலருக்கு இதயத் துடிப்பின் சீர் பாதிக்கப்படலாம் என்பதால் மருத்துவர் தேவைக்கேற்ப இ.சி.ஜி. எடுப்பார். மலச்சிக்கலும் வியர்வையும் பொதுவான தொல்லைகள்.

காசநோய்க்குக் கொடுக்கப்படும் ரிஃபாம்பிசின், வலிப்புக்குக் கொடுக்கப்படும் ஃபெனிடோயின், சில எச்.ஐ.வி. மருந்துகள் ஆகியவை மெத்தடோனை உடல் விரைவாக அழிக்கும்படி செய்துவிடும். அப்போது அதே அளவு குடித்தும் கியான் வரும். எனவே, வேறெந்த மருத்துவரிடம் சென்றாலும் மெத்தடோன் குடிப்பதைச் சொல்ல வேண்டும். வெட்கப்பட்டு மறைத்தால் பாதிக்கப்படுவது நோயாளியே.

வீட்டுக்குக் கொண்டு வரும் மருந்தைப் பூட்டி வைக்க வேண்டும். பெரியவருக்கு மருந்தாக இருக்கும் அளவு, அதற்குப் பழகாத பிள்ளையின் உயிரைப் பறிக்கப் போதுமானது. கர்ப்பிணிகள் பயந்துபோய்த் திடீரென நிறுத்தக் கூடாது. கர்ப்ப காலத்திலும் மருத்துவரின் மேற்பார்வையில் தொடரக்கூடிய சிகிச்சை இது.

எல்லாவற்றுக்கும் மேலாக, மெத்தடோன் ஓப்பியாய்டுக்கு மட்டுமே மருந்து. இன்று நம் இளைஞர்களிடையே பரவலாக இருப்பது ‘சியாபு’ எனப்படும் மெத்தம்ஃபெட்டமின். அது மூளையில் வேறு பாதையில் வேலை செய்கிறது. மெத்தடோன் அதற்குப் பயன்படாது. அதற்கு இதுபோன்ற மாற்று மருந்து இன்னும் கைக்கு எட்டவில்லை. ஆலோசனையும் நடத்தைசார் சிகிச்சையுமே இப்போதைக்கு உள்ள வழிகள். மெத்தடோன் குடிப்பவர்களுக்கும் ஆலோசனை வேண்டும், வேலை வேண்டும், வீடு வேண்டும். மருந்து கியானை நிறுத்தும். பகல் பொழுதை நிரப்பித் தராது.

நாம் என்ன செய்யலாம்?

படித்தவர்கள் என்ற முறையில் நமக்குச் சில பொறுப்புகள் உள்ளன. முதலாவது, பேச்சை மாற்றுவது. ‘இன்னும் அந்தத் தண்ணியைக் குடிக்கிறானா?’ என்று உறவினர் கேட்கும்போது, சிரித்து மழுப்பாமல் நமக்குத் தெரிந்ததைச் சொல்லலாம். நான் பார்த்தவரையில், நோயாளிகள் போதைக்குப் பயந்ததைவிடத் தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்றுதான் அதிகம் பயந்தனர். சிலர் தம் வட்டாரக் கிளினிக்கை விட்டுத் தூரத்துக் கிளினிக்கிற்கு வந்தனர். வேலைக்கு நேரமாகிவிட்டால் அன்றைய மருந்து போய்விடும். ஒருநாள் தவறினால் கியான். தொடர்ந்து சில நாள் தவறினால் மீண்டும் குறைந்த அளவிலிருந்து தொடங்க வேண்டும். காலையில் அரை மணி நேரம் விட்டுக்கொடுக்கும் ஒரு முதலாளி, அந்த மனிதரின் சிகிச்சையில் மருந்தாளருக்குச் சமமான பங்கு வகிக்கிறார். நம் முன்னாள் மாணவர்களில் தொழில் நடத்துபவர்கள் பலர் இருக்கிறீர்கள், உங்களால் முடியும்.

இரண்டாவது, இடம் கொடுப்பது. ஒரு பள்ளிவாசல் செய்ததை ஓர் ஆலயம் ஏன் செய்யக்கூடாது? மருந்து கொடுப்பதற்கு மருத்துவ ஏற்பாடும் அனுமதியும் வேண்டும். அது உடனே ஆகாது. ஆனால், ஆலய மண்டபத்தில் மாதம் ஒருமுறை குடும்பங்களை அமர வைத்து, ஒரு மருத்துவரையோ மருந்தாளரையோ தமிழில் பேச வைக்க நமக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

மூன்றாவது, நம் மொழியில் எழுதுவது. தமிழ்மொழிக் கழகமாக நாம் கவியரங்கமும் பட்டிமன்றமும் நடத்துகிறோம். தமிழ்ப்பள்ளிகளில் முகாம் நடத்துகிறோம். அவற்றோடு ஒரே ஒரு பக்கத் துண்டறிக்கையைத் தமிழில் தயாரித்து, அருகிலுள்ள கிளினிக்குகளிடம் கொடுக்க முன்வரலாம். மருந்தியல், மருத்துவத் துறை மாணவர்கள் உள்ளடக்கத்தைப் பார்த்துக்கொள்கிறோம். தமிழியல் மாணவர்கள் மொழியைச் சீர்படுத்தித் தாருங்கள். அதில் இடம்பெற வேண்டியவை இவைதாம்:

மெத்தடோன் தினமும் ஒருமுறை குடிக்க வேண்டிய மருந்து. அதன் அளவை மருத்துவர் மட்டுமே மாற்ற வேண்டும்.

மதுவோடும் தூக்க மாத்திரையோடும் சேர்க்காதீர்கள். வேறு மருத்துவரிடம் சென்றால் இதைக் குடிப்பதாகச் சொல்லுங்கள்.

வீட்டில் வைத்திருந்தால் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். குடித்தவரை எழுப்ப முடியவில்லை, மூச்சு மெதுவாக இருக்கிறது என்றால் உடனே 999-ஐ அழையுங்கள்.

குடும்பத்தாரின் வற்புறுத்தலால் திடீரென நிறுத்தாதீர்கள். நிறுத்த விரும்பினால் மருத்துவரோடு பேசி, மெதுவாகக் குறையுங்கள்.

மெத்தடோன் குடிக்கும் உங்கள் பிள்ளை சிகிச்சையில் இருக்கிறார். ‘எப்போது நிறுத்துவாய்?’ என்று கேட்பதற்குப் பதிலாக, ‘இன்றைக்குக் கிளினிக்கிற்குப் போனாயா, சாப்பிட்டாயா?’ என்று கேளுங்கள்.

இந்த ஐந்து குறிப்புகளை அச்சிட்டுத் தருவதற்குப் பெரிய செலவாகாது. அடுத்த தவணையின் முதல் செயலவைக் கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவர எண்ணியுள்ளேன். கைகொடுக்க விரும்பும் நண்பர்கள் அன்று தவறாமல் வர வேண்டுகிறேன்.